முள் இல்லாத மீன்

காலையிலிருந்து பட்டினி கிடந்த பூனை ஒன்று மீன் சந்தைக்கு ஓடிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு சைவ உணவகத்தின் பலகைமேல் காகம் உட்கார்ந்திருந்தது.

"எங்கே அக்கா ஓட்டம்? இங்கேயே சைவ மீன் வறுவல் போடுகிறார்கள். கொழுப்பே கிடையாதாம், இதயத்துக்கு நல்லதாம். பலகையில் எழுதியிருக்கிறது."

பூனை உள்ளே போய் மேசைக்கு அடியில் கிடந்த துண்டை மோந்து பார்த்தது.

"அடே கறுப்பா, இது வாழைக்காய்டா! சந்தை மூடுவதற்குள் நான் போகிறேன்."

"அவசரப்படாதே. சாப்பிடுகிறவர்களைப் பார்."

பூனை எட்டிப் பார்த்தது. மேசையில் ஓர் அம்மாள் அதே வறுவலை விரலால் பிட்டுப் பிட்டுத் தடவிப் பார்த்து, பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். "முள் இருக்கும் கண்ணு, மெதுவா மெல்லு" என்றாள். பிள்ளையும் பயந்து பயந்து மென்றது.

பூனைக்கு மெய்சிலிர்த்தது.

"எவ்வளவு பெரிய மீனாக இருந்தால், முள்ளைக் கண்ணுக்கே தெரியாமல் வைத்திருக்கும்!" என்றது.

அது சந்தைக்குப் போகவில்லை. அந்த வாழைக்காய்த் துண்டை நாக்கால் துழாவித் துழாவி, தொண்டையில் எதுவும் குத்திவிடாதபடி, வெகு நேரம் தின்றது.