கடைசி வீட்டு விருந்தாளிகள்

"இதுல ஏதோ உள்குத்து இருக்கு," என்றாள் கடைசி வீட்டு மாமியார்.

எருமைப் பண்ணையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியதிலிருந்து தெருவுக்கே யோகம்தான். பகலெல்லாம் பால் கறந்து பார்ப்பார்கள், எருமையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். ராத்திரி தெருவிலுள்ள வீடுகளில் தங்குவார்கள். யாருக்கு எந்த வீடு என்று பிரித்து அனுப்புவது பண்ணைக்காரி. வம்பே அங்கேதான்.

"குழந்தை குட்டியோட வர்றவங்க எல்லாம் மத்த வீட்டுக்கு. நமக்கு மட்டும் கிழடுகட்டைங்க. விளக்கு வெச்சதும் குறட்டை!"

"குடும்பம்னா நாலு நாள் தங்கும், மறுபடியும் வரும்," வேன்காரர் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார். "வேண்டியவங்களுக்குத் தள்ளிவிடுறாங்க போலக்கா." விருந்தாளிகளை ஏற்றிவர நேரமாகிவிட்டதென்று நழுவியும் விட்டார்.

மருமகள் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் சிநேகிதிதானே அவ? ஒரு வார்த்தை கேட்டியா? எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி இருக்கியே!"

மருமகளையும் இழுத்துக்கொண்டு பண்ணைக்குக் கிளம்பினாள் மாமியார்.

பண்ணைக்காரி தொட்டியில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வர்ற குடும்பம் எங்க வீட்டுக்குத்தான் வரணும்."

"இப்ப வேணாம் பெரியம்மா. கொஞ்ச நாள் போகட்டும்."

"ஏன்? எங்க வீட்டுல என்ன குறை?"

பண்ணைக்காரியின் கண் ஒரு நொடி மருமகள் பக்கம் போய்த் திரும்பியது. மாமியார் அதைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டும் கூட்டு!

"குறை ஒண்ணுமில்ல பெரியம்மா."

"அப்ப எதையோ மறைக்கிற. தெருவையே கூட்டிக் கேக்கிறேன் பார். ஆள் பிரிக்கிற வேலை இனிமே உனக்குக் கிடையாது."

வீடு வீடாகக் கெஞ்சி, எல்லாரையும் சேர்த்துப் பண்ணைக்காரியே தொடங்கிய வேலை அது. முகம் சுண்டிப் போனது.

"சரி பெரியம்மா. வேற யாராவது பாத்துக்கட்டும்."

"பாத்தியா, காரணத்தை மட்டும் சொல்ல மாட்டேங்கிறா!"

அந்த நேரம் வாசலில் வேன் வந்து நின்றது. உள்ளிருந்து ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

மருமகள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோளில் கிடந்த துண்டை மாரோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். பண்ணைக்காரி ஓடி வந்து, வேனில் இருப்பவர்கள் கண்ணில் படாதபடி அவளை மறைத்து நின்றாள்.

"என்னடி ஆச்சு?" மாமியார் துண்டை விலக்கினாள். சட்டை நனைந்திருந்தது.

"குழந்தைங்க வேணாம்னு நான்தான் அக்காகிட்ட சொன்னேன் அத்தை," மருமகள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "எந்தக் குழந்தை அழுதாலும் பால் சுரந்துடுது. நம்ம பாப்பா செத்துப்போனது இந்த உடம்புக்கு இன்னும் தெரியல."