பதினோரு பேர்

"பதினோரு பேர்ல ஒருத்தராவது எட்டிப் பார்த்தாங்களா பாரு!" மனைவியின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போனைத் தடவியபடி பொருமினார், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்.

பெரிய சமூக வலைத்தளங்களில் பழைய லிஃப்ட் பற்றி எழுதி, ஒரு லைக்குக்கும் வழியில்லாமல் நின்றவர் அவர். ஆளாளுக்குச் சொந்தமாகச் சர்வர் வைத்து இணையத்தில் குழு நடத்தும் வலையமைப்பு ஒன்றில், லிஃப்ட் பிரியர்கள் பதினோரு பேர் இருந்த இந்தக் குட்டிக் குழுவை மனைவிதான் தேடிக் காட்டினாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறுகூட இரண்டாம்பட்சம்.

"கம்பிக் கயிறு தேய்மானம் பத்தி மூணு பக்கம் எழுதினேன். நீ படுத்த நாலு நாளா ஒரு ஈ காக்கா வரல. எப்பவும் வம்பிழுக்கிற அந்த 'ஸ்பேனர் சித்தப்பா'ங்கிற ஆளைக்கூட காணோம்!"

"கயிறு எங்கயும் ஓடிடாது. நாளைக்கு எனக்கு ஆபரேஷன். அந்தக் கவலை இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு. அதைச் சொல்லி அழத்தான் அவங்களைத் தேடறேன்."

அவள் அவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"என் போன் வீட்ல செத்துக் கிடக்கு. சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க."

வீட்டில் சார்ஜ் ஏற்றி, போனைத் திறந்தார். திரையில் அதே குழு விரிந்தது. எந்தக் கணக்கிலிருந்து எழுத வேண்டும் என்று கேட்டது. கீழே பதினோரு பெயர்கள். முதல் பெயர், ஸ்பேனர் சித்தப்பா.

மனைவியின் போனை மெல்லக் கீழே வைத்தார். பிறகு தன் போனை எடுத்துக் குழுவில் எழுதினார்:

"நாளைக்கு ஆபரேஷன். ரொம்பப் பயமா இருக்கு. பதினோரு பேரும் பத்திரமா வீடு வந்து சேருங்க."