உள்ளே இறங்கும் கண்ணீர்

மருத்துவமனையில் மரணச் செய்தி சொல்வதுதான் செம்மலரின் வேலை. உறவினர் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று, பணியில் சேரும்போதே கண்ணீரெல்லாம் தொண்டைக்குள் இறங்கும்படி அவளுடைய கண்ணோரத் துளைகளை அகலமாக்கியிருந்தார்கள்.

இன்று வீட்டில் அவள் அண்ணன் இறந்து கிடந்தான். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் உப்புநீரை விழுங்கிக்கொண்டே நின்றாள்.

"கூடப் பொறந்தவ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல பாரு," என்றாள் அத்தை. "ஆஸ்பத்திரியில சாவு சொல்லிச் சொல்லி மரத்துப்போச்சு."

"அழுதுக்கிட்டுதான் இருக்கேன் அத்தை."

"எங்கடி?"

செம்மலர் அண்ணனின் தலைமாட்டில் குனிந்து, மூக்கையொட்டிய கண்ணோரங்களை இரு விரல்களால் அழுத்தினாள். வலித்தது. விடவில்லை. போக வழியில்லாத கண்ணீர் இமை நிரம்பி அவன் நெற்றியில் சொட்டியது.

அதைத் துடைக்க அத்தை கை நீட்டினாள்.

"துடைக்காதீங்க," என்றாள் செம்மலர், விரலை எடுக்காமலே.