பத்துமணிப் பூவுக்கு வந்தவர்

கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் பத்துமணிப் பூத் தண்டுகளை ஒரு முக்கு முக்கி எடுத்தார் சவரி. வாசலில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தார். நல்லவேளை, டீக்கு வேறு தண்ணீர் வைத்தார்.

தண்டுகளைத் துண்டில் துடைத்து, ஒன்றும் அறியாதவர் போலக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“இந்தத் தடவையாச்சும் பாத்து வைங்க. மணல் கலந்த மண்ணு, நல்ல வெயிலு. தண்ணியக் கொஞ்சமா ஊத்துங்க, அவ்ளோதான்.”

“என் கைராசி அப்படிங்கண்ணா. எத வெச்சாலும் கருகிப் பூடுது.” தீர்த்தகிரி தண்டுகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். “கதகதன்னு இருக்குதுங்களே?”

“வெயில்ல கிள்ளுனதுங்க” என்று சவரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நான் வேணா உங்க வூட்டுக்கு வந்து நட்டுக் குடுக்கட்டுங்களா?”

“ஐயோ, நீங்க எதுக்குங்க அலையறீங்க? நானே வர்றேன்” என்று அவசரமாக எழுந்துகொண்டார் தீர்த்தகிரி.

தன் வீட்டுச் செடி அடுத்தவன் வாசலில் பூக்கக் கூடாது என்கிற வயிற்றெரிச்சல் என்று நினைத்தால், சவரியைத் தப்பாக எடைபோடுகிறீர்கள்.

அவர் மாரண்டஹள்ளிக்கும் ஓசூருக்கும் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நாளெல்லாம் ஜனக்கூட்டத்தில் கிடந்த மனுஷனுக்கு, மனைவி ஜோஸ்பின் போன பிறகு பேச ஆளில்லை. பெங்களூரிலிருந்து மகள் அருள்ராணி போன் பண்ணுவாள், “சாப்டீங்களாப்பா?” என்பதற்கு அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு வராது.

ஜோஸ்பின் வைத்த பத்துமணிப் பூ மட்டும் வாசலோரம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. நர்சரியில் டேபிள் ரோஸ் என்பார்கள். வெயில் ஏறியதும் கருஞ்சிவப்பாக விரியும். அதற்குத் தண்ணீர் தெளிப்பது, வாடியதைக் கிள்ளுவது, நீண்ட தண்டை வெட்டிவிடுவது என்று காலை கழிந்துவிடும். மீதிப் பொழுதுதான் கழியாது.

அப்படியிருந்த ஒரு நாளில்தான் பின்தெருத் தீர்த்தகிரி வந்து கேட்டைத் தட்டினார். “எங்க வாசலு மொட்டையா கெடக்குதுங்க. ரெண்டு தண்டு குடுங்களேன்” என்றார். சவரியும் நல்ல தண்டாகப் பார்த்துக் கிள்ளிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு சவரி சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது தீர்த்தகிரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். “புடிக்கலீங்கண்ணா, கருகிப் பூடுச்சு.”

குப்பையில் வீசினாலும் வேர்விடுகிற செடி எப்படிக் கருகும் என்று சவரிக்கு ஆச்சரியம்தான். ஆனாலும் உட்காரச் சொல்லி டீ போட்டார். தக்காளிக்கு வந்த நோய், அந்தக்காலத்துக் கண்டக்டர்கள், பெய்யாத மழை என்று பேச்சு மதியம் வரைக்கும் ஓடியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சவரி வாய்விட்டுச் சிரித்தார்.

கிளம்பும்போது தீர்த்தகிரி மறுபடி தண்டு கேட்டார். இது பிடித்துவிட்டால் இந்த மனுஷன் அப்புறம் எதற்கு வரப்போகிறார்? அந்தப் பயத்தில் அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தச் சுடுதண்ணீர் வேலை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்து, அதையும் சொல்லாமல் விட்டார்.

தீர்த்தகிரியும் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

அந்தக் கதகதப்பான தண்டுகளை வாங்கிப்போனதற்கு அடுத்த ஞாயிறு, பூவெல்லாம் விரிந்து நேரமாகியும் கேட் சத்தம் கேட்கவில்லை. டீக்கு வைத்த தண்ணீர் சுண்டிப்போனது. பாவம், செத்த தண்டுகளோடு மல்லுக்கட்டி வெறுத்தே போய்விட்டாரோ என்று நினைத்து, கேட் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார் சவரி.

வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், அந்த ஆளை இனி ஏமாற்றக் கூடாது என்று முடிவு பண்ணினார். நல்ல கொத்தாக ஒன்றை மண்ணோடும் வேரோடும் தோண்டி எடுத்துக்கொண்டு, பின்தெருவில் விசாரித்துப் போனார்.

தீர்த்தகிரி வீட்டுக் கேட்டருகே அவருடைய கால் நின்றுவிட்டது. கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் மண்ணே தெரியவில்லை. அத்தனையும் கருஞ்சிவப்புப் பத்துமணிப் பூ.

சுளுக்கிய காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் கட்டிலில் படுத்திருந்தார் தீர்த்தகிரி. வீட்டுக்குள் வேறு ஆள் அரவமே இல்லை. சவரியைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்து மறைக்கலாம் என்றால் எதைத்தான் மறைப்பது?

“இது… எங்க வூட்டுப் பூவுங்களா?”

“ஆமாங்கண்ணா.”

“எப்பக் குடுத்ததுங்க புடிச்சுது?”

தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டார்.

“மொதோ தடவ குடுத்ததுங்க. சுடுதண்ணியில முக்காம குடுத்தது அது ஒண்ணுதானுங்களே!”