மறுவீட்டு இலை

இலையில் ஒரு பருக்கை மிஞ்ச எழுந்திருக்கிறவள் அல்லள் அவள்.

கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், இட்டதைத் துப்புரவாக உண்டு, இலையைத் தன் பக்கமாக மடித்த பிறகே எழுவாள். அவள் சாப்பிட்ட இலையைக் கழுவாமலே இன்னொருவருக்குப் போடலாம் என்று உறவில் கேலி பேசுவார்கள்.

இன்று மகனுக்கு மறுவீட்டு விருந்து. சம்பந்தி வீட்டுக் கூடத்தில் பந்தி. தேங்காய்ப்பால் சொதி மணத்தது.

தனியாக உள்ளறையில் சாப்பிடலாம் என்று மகன் குற்றாலநாதன் கெஞ்சிப் பார்த்தான். மாப்பிள்ளையைப் பெற்றவள் மூலையில் உட்காருவதா? மறுத்துவிட்டாள்.

தன் உடம்பைப் பற்றி இந்த வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்றும் ஆணையிட்டிருந்தாள்.

உண்டாள். நிறைவாக உண்டாள். கையை எடுத்தாள்.

சோற்றின் நடுவே கத்தியால் வகிர்ந்தாற்போல் ஒரு கோடு. வலப்புறம் வெறும் பச்சை. இடப்புறம் சோறு, அவியல், இஞ்சிப் பச்சடி, எல்லாம் வைத்தது வைத்தபடி.

அவளைப் பொறுத்தவரை இலை காலி.

சொதி வாளியோடு வந்த சம்பந்தியம்மாள் ஆவுடையம்மாள் அதைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா மதினி? பாதி இலைய ஒதுக்கிட்டிய. நாளைக்கு எம் பொண்ணையும் இப்படித்தான் ஒதுக்குவியளோ?"

பந்தி முழுவதும் கைகள் நின்றன.

அவள் தலை நிமிர்ந்தாள்.

"நான் இலையில மிச்சம் வைக்கிற ஆளில்ல. எங்க, ஒரு பருக்கையக் காட்டுங்க பாப்போம்."

எதிர் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

குற்றாலநாதன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். ஆணையை மீறினான். ஆவுடையம்மாளை ஓரமாக அழைத்துப்போய், மாசி மாதத்தில் அம்மாவின் மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதைச் சொன்னான். மருத்துவர் சொன்னதையும் சொன்னான்.

தலை என்பது ஒரு கோட்டை. பின்கோபுரத்தில் ஒருவன் நின்று பார்க்கிறான். பிடரிக்கு மேலே ஒருவன், நடை தள்ளாடாமல் பிடித்துக்கொள்கிறான். நெற்றிக்குப் பின்னால் ஒருவன், எது தகும் எது தகாது என்று நிறுத்துப் பார்க்கிறான். அவர்களெல்லாம் விழித்தேதான் இருக்கிறார்கள்.

வலது உச்சியில், உலகத்துக்கு இடப்புறம் என்று ஒன்று உண்டு என அறிவிக்கிற காவலன் மட்டும் உறங்கிவிட்டான்.

அவன் உறங்கினால் அந்தப் பக்கம் இருட்டுவதில்லை. இல்லாமலே போய்விடுகிறது.

உலகம் அப்படியே முழுசாகத்தான் இருக்கிறது, உங்கள் படிப்பில்தான் கோளாறு என்று அம்மா அந்த மருத்துவரிடமே சொல்லிவிட்டு வந்தாளாம்.

மகன் திரும்பி வந்து அவளுக்கு வலப்புறம் குனிந்தான். அவள் சீறினாள். என்ன சொன்னாய் அவளிடம்? எனக்கு என்ன குறை? யார் கேட்டார்கள் உன்னை?

அந்த நேரத்தில் ஆவுடையம்மாள் இலைக்கு எதிரே மண்டியிட்டாள். வாளியை இறக்கி வைத்தாள். இலையை இரு கைகளாலும் பற்றி, சோறு சிந்தாமல், மெல்லச் சுழற்றினாள்.

நுனி வலப்புறம் வந்தது.

சாப்பிடுகிறவரின் இடப்புறம் இருக்க வேண்டிய நுனி. சுபகாரியத்தில் இது என்ன கூத்து என்று பெரியவர் ஒருவர் அதட்டினார். ஆவுடையம்மாள் காதில் வாங்கவில்லை.

சீறிக்கொண்டிருந்தவள் மகனை விட்டு இலைக்குத் திரும்பினாள்.

சோறு. அவியல். இஞ்சிப் பச்சடி.

"மறுசோறு நான் கேக்கலயே மதினி." குரல் தணியவில்லை.

"நீங்க கேக்கல. நாந்தான் கேக்காம வச்சேன்." ஆவுடையம்மாள் பந்தி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள். "தப்பு எம்மேலதான்."

மாப்பிள்ளையைப் பெற்றவள் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு சோற்றில் குழி செய்தாள்.

ஆவுடையம்மாள் சொதியை ஊற்றினாள்.