ஜோடி எண் பதினேழு

"உங்களுக்குக் கை இல்லையா சேட்டா? அந்தக் கிளாஸைக் கொஞ்சம் பிடிச்சா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

ஷைனிக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, ரோசக்குட்டியின் கை நடுங்கி, கட்டன் சாயா பாதி சேலையிலும் பாதி தரையிலும் சிந்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் புருஷன் ஔசேப்பு. குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார். சரியான கல்லுளிமங்கன்!

"விடு மோளே, எனக்குப் பழகிப்போச்சு," என்றாள் ரோசக்குட்டி.

"நீங்க குடுக்கிற இடம் சேச்சி."

பார்க்கின்சன் நோய் நடுக்கமாகக் கைக்கு வருமுன்பே விழித்திரையில் தடம் காட்டுமா என்று அந்தத் திருச்சூர் ஆஸ்பத்திரியில் தேடிக்கொண்டிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வர வேண்டும். ஒருவருக்கு நோய், ஒருவருக்கு இல்லை. யாருக்கு என்று, கண்ணைப் படம் எடுக்கிற ஷைனியிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் மனசு அதையே தேடுமாம்.

இந்த ஜோடியில் சொல்ல வேறு வேண்டுமா?

முதலில் ஔசேப்பை அழைத்தாள். ரோசக்குட்டியும் கூடவே உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"குடையை வெச்சிட்டு உட்காருங்க. இங்க மழை பெய்யாது."

அவர் அசையவில்லை. ரோசக்குட்டிதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக் குடையை வாங்கினாள். கருவியின் மேல் அவர் கை பட்டதும் மேஜையே கடகடவென்று ஆடியது. பேனா உருண்டு கீழே விழுந்தது.

பேனாவை எடுக்கக் குனிந்த ஷைனி அவர் கைகளையே பார்த்தாள்.

ரோசக்குட்டி அவர் கைகளைத் தன் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். படம் எடுத்து முடியும்வரை அவள் கைகளில் துளி நடுக்கம் இல்லை.

அவர் முகம் கழுவப் போனார். ஷைனிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மன்னிச்சிருங்க சேச்சி. ஆனா வெளியே உங்க கை..."

"இந்த ஊர்ல அவர் செஞ்ச நகை போடாத கல்யாணப் பொண்ணு கிடையாது மோளே. எங்கே போனாலும் எல்லார் கண்ணும் அவர் கைமேலதான்," என்றாள் ரோசக்குட்டி. "நான் நடுங்கினா, என்னைத்தானே பார்ப்பாங்க?"