பட்டுப் புடவைக்குள் ஒரு கிலோ

சென்னை லஸ் சிக்னலில் ஆட்டோ குலுங்கி நின்றபோது மேகலாவின் இடுப்பில் இருந்த துப்பாக்கி நறுக்கென்று விலாவில் இடித்தது.

சனியனே, இன்னிக்கு ஒரு நாள் சும்மா கிட என்று மனதுக்குள் அதை அதட்டினாள்.

தோட்டாவோடு ஒரு கிலோவுக்குக் குறையாது. காக்கி போட்டால் ஜம்மென்று பெல்ட்டில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். பட்டுப் புடவைக்குள், அதுவும் கல்யாண வீட்டில், ஒருத்தர் கண்ணிலும் படாமல் சுமப்பது லேசுப்பட்ட காரியமா? பாவாடை நாடா அந்தக் கனத்துக்கு ஈடு கொடுக்காது. முதுகில் செருகினால் நாற்காலியில் சாய முடியாது. கைப்பையில் வைத்தாலோ, எவனாவது பையோடு பறித்துக்கொண்டு ஓடிவிடுவான்.

அதற்காக விட்டுவிடுவாளா மேகலா? மீன் விற்கும் அம்மா தேசம்மாவின் தராசிலிருந்து ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்துத் துப்பாக்கி உறைக்குள் போட்டு, புடவைக்குள் கட்டிக்கொண்டு ஒரு வாரம் வீட்டுவேலை எல்லாம் செய்தாள். துணி துவைத்தாள். பந்தியில் உட்காருவதுபோல் சம்மணம் போட்டு எழுந்தாள்.

"எடக்கல்ல இடுப்புல கட்டிக்கினு நீ சுத்துற. நான் இன்னாத்த வெச்சிடி மீன் நிறுக்கறது?" என்று தேசம்மா தினமும் கத்தினாள்.

கடைசியில் வழி பிடிபட்டது. பாவாடைமேல் அகலமான தோல் பெல்ட், வலப்பக்கம் முந்தானை மறைவில் துப்பாக்கி, உடம்பு ஒரு பக்கம் சாயாமலிருக்க இடப்பக்கம் உபரித் தோட்டாக்கள். இப்போது அவளைப் பார்த்தால் மொய் எழுத வந்தவள் என்றுதான் சொல்வார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹம்சா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சாதி விட்டுச் சாதி கட்டினாள் என்று அவள் புருஷன் ராபர்ட்டை அவள் கண்ணெதிரே வெட்டிக் கொன்றவன் அவளுடைய சொந்த அண்ணன் பிரபாகர். அடுத்த மாதம் கோர்ட்டில் அவனைக் கைகாட்டப்போகிற ஒரே சாட்சி ஹம்சா. அவளையும் முடிப்பேன் என்று அவன் சொல்லியிருந்ததால்தான் கோர்ட்டு இந்தப் போலீஸ் காவலைப் போட்டது. ஜாமீனில் வந்தவன் மதுரையை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. அந்தத் தைரியத்தில்தான் இன்று தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பினாள். நீ வராவிட்டால் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று தங்கை போனில் அழுதிருந்தாள்.

"அம்மா என்னைத் துரத்தினா சண்டை போடாதீங்க மேடம். வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்துடலாம்."

"உள்ள போய்தான் பாக்கறோம்" என்றாள் மேகலா. இவளை உயிரோடு கூட்டிப்போய் உயிரோடு திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. அவ்வளவுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

மண்டப வாசலில் சந்தனமும் குங்குமமும் பூவுமாக ஹம்சாவின் அம்மாவே நின்றிருந்தாள். மகளைப் பார்த்ததும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். ஹம்சா தலையைக் குனிந்துகொண்டாள். பாவமாக இருந்தது.

"நீ வாம்மா" என்று அந்த அம்மாள் மேகலாவை மட்டும் அழைத்தாள். "திரும்பு, பூ வெச்சு விடறேன்."

கல்யாண வாசலில் பூ வேண்டாம் என்று எந்தப் பெண் சொல்வாள்? மேகலா முதுகைக் காட்டித் திரும்பினாள்.

பூவைச் செருகிய கை அப்படியே இடுப்புக்கு இறங்கியது. புடவைக்கு மேலாகத் தடவி, இரும்பைத் தொட்டதும் நின்றது.

போச்சு என்று நினைத்தாள் மேகலா. இப்போது கத்துவாள், கூட்டம் கூடும், ஹம்சாவைத் தெருவில் தள்ளுவார்கள்.

அந்த அம்மாள் கத்தவில்லை. துப்பாக்கி வெளியே தெரியாமலிருக்க முந்தானையை இடுப்போடு சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கை அவள் விரல்கள் தேடிப் பிடித்தன. மெல்லக் கழற்றின. முந்தானை தளர்ந்தது. இனி மேகலாவின் கை சட்டென்று உள்ளே போகலாம், வரலாம்.

ஊக்கைத் தன் வளையலில் மாட்டிக்கொண்டு, பூவைச் சரி செய்கிற சாக்கில் மேகலாவின் காதருகே குனிந்தாள்.

"அவன் விடிகாலையே வந்துட்டான், மாடியில இருக்கான். என் புள்ளையாச்சேன்னு பாக்காதம்மா."